இறைப்பு இயந்திரத்தைப் பேணுவோம், கிணற்றைக் காப்போம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். நாம் குடிப்பதும், சமைப்பதும், தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்று நீரையே. கோப்பாய்ச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் வாழையும் விளைவது அந்த நீரால்தான். 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது வீட்டுக் குடிநீருக்கு உதவும். ஆனால் தோட்டத்துக்குக் கிணற்றை விட்டால் வேறு கதியில்லை.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இந்த உண்மை இன்னும் கூர்மையானது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்கள் பல, குடாநாட்டின் மற்றப் பகுதிகளில் குத்தகைக் காணியில் பயிர்செய்து பிள்ளைகளை வளர்த்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே எழும்பித் தென்மராட்சி நோக்கிச் சென்றது. கிணற்றடியில் விட்டுச் சென்ற இறைப்பு இயந்திரங்கள் திரும்பி வந்த பலருக்குக் கிடைக்கவில்லை. வலிகாமம் வடக்குக் காணிகள் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் எல்லாருக்கும் இன்னும் சொந்தக் காணி திரும்பவில்லை.

இத்தகைய குடும்பத்திடம் இருக்கும் இயந்திரம் கடனுக்கு வாங்கியதாக இருக்கும். அல்லது நாலு வீடு சேர்ந்து வாங்கியதாக இருக்கும். கிணறோ பெரும்பாலும் மற்றவருடையது. இயந்திரம் பழுதானால் அந்தப் போகப் பயிர் போகும். கிணறு உவரானால் காணிக்காரரின் நம்பிக்கை போகும். அடுத்த போகத்துக்குக் காணி கிடைக்காது. எனவே இயந்திரத்தைப் பேணுவதும் கிணற்றைப் பேணுவதும் இரண்டு வேலைகள் அல்ல, ஒரே வேலை என்பதே இப்பாடத்தில் நாம் கற்க வேண்டியது.

1. கிணற்றின் கீழே இருப்பது என்ன?

எமது நிலத்தின் கீழ் சுண்ணக்கல் உள்ளது. மாரி மழை செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. குடாநாட்டைச் சூழவும் கடல். கோப்பாய்க்குக் கிழக்கே உப்பாறு. ஆகவே நன்னீருக்குக் கீழே உப்புநீர் கிடக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது; ஆதலால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. இதை நேரில் காண விரும்புவோர் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றை நினைத்துப் பார்க்கலாம். அதன் மேற்பகுதி நன்னீர், ஆழத்தே உப்புநீர்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும். அப்படியானால் மேலே 1 அடி நீர் நிரந்தரமாகக் குறைந்தால், கீழேயிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே வரக்கூடும். ஒரே மூச்சாக இறைக்கும்போது, கிணற்றுக்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல் எழும்புகிறது. ஊரெங்கும் நல்ல தண்ணீர் இருக்க, ஒரு கிணறு மட்டும் உவராகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்கு ஓய்வாக இருந்தது. பட்டை அடிமண்ணைத் தட்டினால் இறைப்பவரின் கைக்குத் தெரியும். மோட்டருக்குக் களைப்பும் இல்லை, கையும் இல்லை. அதற்காகக் கவனிக்க வேண்டியவர்கள் நாமே.

2. இயந்திரம் நீரை எடுப்பது எப்படி?

மேலே வைக்கும் பம்ப் நீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. பம்பினுள் உள்ள சுழலி சுற்றும்போது உறிஞ்சு குழாயில் அழுத்தம் குறைகிறது; வெளிக்காற்று கிணற்று நீரை அமுக்கி மேலே ஏற்றுகிறது. காற்றால் நீரை ஏறக்குறைய 34 அடிக்கு மேல் தள்ள முடியாது. குழாயின் உராய்வும் இயந்திரத்தின் தேய்வும் சேர, நடைமுறையில் 20 முதல் 25 அடி வரையே எடுக்கலாம். கோடையில் நீர்மட்டம் இதற்குக் கீழே போனால், எவ்வளவு புதிய இயந்திரமாயினும் வெறுமனே சத்தமிடும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒன்று, உறிஞ்சு குழாயில் ஊசித் துவாரமளவு காற்று புகுந்தாலும் நீர் ஏறாது. மற்றது, பம்பினுள் நீர் நிரம்பியிராமல் ஓட்டக் கூடாது. உள்ளே உள்ள சீல் எனும் அடைப்பை நீரே குளிரவைக்கிறது. நீரின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே சீல் கருகிவிடும்.

3. உறுப்புகளும் அவற்றின் பராமரிப்பும்

அ) *புட்வால்வு.* உறிஞ்சு குழாயின் அடியில் இருப்பது. நீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. அதன் சல்லடை குப்பையைத் தடுக்கும். இது கிணற்றின் அடியிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயரத்திலும், நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை அடி தாழ்விலும் இருக்க வேண்டும். அடிமண்ணைத் தொட்டால் மணல் ஏறிச் சுழலியை அராவும். கோடை வந்ததும் குழாயை மேலும் மேலும் நீட்டி அடியில் வைக்கும் பழக்கம் கிணற்றுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

புட்வால்வு நீரைத் தாங்குகிறதா என்று அறிய, பம்பின் வாயில் தளும்ப நீர் ஊற்றி 15 நிமிடம் விடுக. நீர் இறங்கியிருந்தால் வால்வின் வொஷர் தேய்ந்திருக்கும், அல்லது குப்பை சிக்கியிருக்கும். வொஷர் ஒன்றின் விலை மிகச் சிறியது. அதை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் வாளி வாளியாக நீர் ஊற்ற வேண்டும். இயந்திரமும் வெறுமனே ஓடித் தேயும்.

ஆ) *உறிஞ்சு குழாய்.* பம்பை நோக்கிச் சிறிது சிறிதாக ஏறிச் செல்ல வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்றுத் தங்கும். மூட்டுகளில் காற்றுப் புகுகிறதா என அறிய, இயந்திரம் ஓடும்போது சவர்க்கார நுரையைப் பூசிப் பார்க்கலாம். ஒழுக்கு உள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும். அந்த மூட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, நாடா சுற்றி மீண்டும் முறுக்க வேண்டும். பொலித்தீனும் சைக்கிள் ரியூப்பும் சுற்றுவது ஒரு நாளைக்கு உதவும், ஒரு போகத்துக்கு உதவாது.

இ) *சுழலியும் சீலும்.* எமது நீரில் சுண்ணம் அதிகம். கேத்தலில் படிவது போலவே சுழலியிலும் சல்லடையிலும் வெள்ளைப் படிவு ஏறும். போகத்துக்கு ஒருமுறை சல்லடையைக் கழற்றி, வொஷரை நீக்கிவிட்டு, வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்துத் தும்பால் தேய்த்தால் படிவு போய்விடும். பம்புக்கும் மோட்டருக்கும் நடுவிலிருந்து நீர் சொட்டினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதை உடனே மாற்றுக. அந்த நீர் மோட்டரின் பெயரிங்குக்குள் போனால் செலவு பல மடங்காகும்.

4. ஓட்டுமுன், ஓடும்போது, நிறுத்தியபின்

*ஓட்டுமுன்:* நீர்மட்டத்தைப் பாருங்கள். பம்பில் நீர் நிரம்பியுள்ளதா எனப் பாருங்கள். இயந்திரம் ஆடாமல் சமமாக நிற்கிறதா, நட்டுகள் இறுகியுள்ளனவா எனக் கைவைத்துப் பாருங்கள்.

*ஓடும்போது:* முதல் இரண்டு நிமிடம் அருகில் நில்லுங்கள். நீர் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். வழக்கமில்லாத சத்தமோ, கருகும் மணமோ, சூடோ தெரிந்தால் நிறுத்துங்கள். வாய்க்காலில் நீர் நடுநடுவே விட்டு விட்டு வந்தால் கிணறு தாழ்ந்துவிட்டது என்று பொருள். இயந்திரத்தை ஓடவிட்டு வெளியே போவது கூடாது.

*நிறுத்தியபின்:* நேரத்தை எழுதுங்கள். நீர்மட்டத்தை எழுதுங்கள். ஈரத்தைத் துடையுங்கள். வெயிலும் மழையும் படாத கூரையின் கீழ் வையுங்கள். சாக்கால் இறுக மூடினால் காற்றோட்டம் இன்றி உள்ளே துரு ஏறும்.

5. மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு

1990களில் எரிபொருட் தடை இருந்தபோது, பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் கைவண்ணத்தை எமது மக்கள் கற்றுக்கொண்டனர். அதில் ஒரு நல்ல பாடமும் உண்டு, ஒரு தீய பழக்கமும் உண்டு. சூடேறாத இயந்திரம் மண்ணெண்ணெயை முழுவதும் எரிக்காது என்பது பாடம். நிறுத்தும்போது மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிடுவது தீய பழக்கம்.

முறை இதுவே: பெற்றோலில் எழுப்பி, சில நிமிடம் சூடேறவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுக. அப்போது காபரேற்றரில் பெற்றோல் மட்டும் மிஞ்சும்; அடுத்த நாள் இலகுவாக எழும்பும்.

- எஞ்சின் எண்ணெயின் அளவை ஒவ்வொரு நாளும் பாருங்கள். புதிய இயந்திரமாயின் முதல் 20 மணித்தியாலத்தில் ஒருமுறை, பின்னர் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாளுக்கு 3 மணித்தியாலம் ஓடினால் இது மாதம் ஒருமுறை ஆகும். இயந்திரத்தோடு வந்த சிறு நூல் வேறு அளவு கூறினால் அதையே பின்பற்றுங்கள்.
- காற்று வடியின் பஞ்சைக் கிழமைக்கு ஒருமுறை சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துங்கள். செம்மண் தூசி அதை விரைவில் அடைக்கும்.
- மண்ணெண்ணெயைத் துணியால் வடித்து ஊற்றுங்கள். சூடான இயந்திரத்துக்கு எரிபொருள் ஊற்ற வேண்டாம்.
- பிளக் கறுத்துப் புகை படிந்திருந்தால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். முனை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. விலையை நாம் தீர்மானிக்க முடியாது. ஒழுகும் வால்வாலும் அடைத்த வடியாலும் வீணாகும் எரிபொருளை எங்கள் கையாலேயே தடுக்கலாம்.

6. மின் மோட்டருக்கு

ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகு மின்சாரம் எடுக்கும். அதைவிடப் பெரிய செலவு மோட்டர் எரிந்துபோவதுதான்.

- ஆளியைப் போட்டதும் மோட்டர் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். சுழலி இறுகியிருக்கலாம், கப்பாசிட்டர் போயிருக்கலாம், மின் அழுத்தம் குறைவாக இருக்கலாம். உறும விட்டால் சில நிமிடத்தில் சுருள் எரியும்.
- பல நாள் ஓடாத மோட்டரைப் போடுமுன், மின்னைத் துண்டித்துவிட்டுப் பின்புற விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள்.
- வயர் இணைக்கும் பெட்டியில் எறும்பும் பல்லியும் கூடு வைக்கும். மாதம் ஒருமுறை மின்னைத் துண்டித்துத் திறந்து பாருங்கள்.
- எர்த் வயர் இல்லாமலும், ட்ரிப் சுவிச் இல்லாமலும் மோட்டர் ஓட்ட வேண்டாம். அடுத்த வீட்டிலிருந்து வயர் இழுத்து, மரத்தில் தொங்கவிட்டு ஓட்டும் பழக்கம் தற்காலிகக் குடியிருப்புகளில் உண்டு. அது உயிருக்கு ஆபத்து.
- நீரில் மூழ்கும் மோட்டரை வயரில் பிடித்துத் தூக்காதீர்கள். தனிக் கயிறு கட்டுங்கள். மோட்டர் கிணற்றில் இருக்கும்போது யாரும் நீரைத் தொடக் கூடாது.

7. நோயும் மருந்தும்

*நீர் வரவேயில்லை:* பம்பில் நீர் நிரம்பவில்லை, புட்வால்வு ஒழுகுகிறது, மூட்டில் காற்றுப் புகுகிறது, நீர்மட்டம் மிகத் தாழ்ந்துவிட்டது. இந்த ஒழுங்கிலேயே சோதியுங்கள். செலவில்லாதது முதலில்.

*முதலில் வந்து பின் நின்றுவிட்டது:* கிணறு தாழ்ந்து வால்வு வெளியே தெரிகிறது. அல்லது சல்லடை அடைத்துவிட்டது.

*நீர் குறைவாக வருகிறது:* சுழலி தேய்ந்துள்ளது அல்லது சுண்ணம் படிந்துள்ளது. இயந்திரத்தின் வேகம் குறைந்துள்ளது. விடுகுழாயில் வெடிப்பு உள்ளது.

*நீரில் மணல் வருகிறது:* வால்வு அடியைத் தொடுகிறது. அல்லது கிணற்றுக் கட்டு இடிகிறது. இறைப்பை நிறுத்திக் கிணற்றைப் பாருங்கள்.

*இயந்திரம் ஆடுகிறது, அதிருகிறது:* அடித்தளம் சமமில்லை, நட்டு தளர்ந்துள்ளது, பெயரிங் தேய்ந்துள்ளது.

இவற்றில் பாதியை ஸ்பானரும் வொஷரும் கொண்டு வீட்டிலேயே திருத்தலாம். சுருள், பெயரிங், பிஸ்டன் ஆகியவற்றைத் திருத்துநரிடம் விடுக.

8. எவ்வளவு நேரம் இறைக்கலாம்?

12 அடி விட்டமுள்ள கிணற்றில் 1 அடி நீர் என்பது ஏறக்குறைய 3,200 லீற்றர். நிமிடத்துக்கு 400 லீற்றர் இறைக்கும் இரண்டங்குல இயந்திரம் அந்த ஓரடியை, ஊற்று வராவிட்டால், 8 நிமிடத்தில் எடுத்துவிடும். எவ்வளவு விரைவாகக் கிணறு தாழ முடியும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒரு கயிறு எடுங்கள். நுனியில் கல் கட்டுங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு முடிச்சுப் போடுங்கள். இறைக்குமுன் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை முடிச்சு என அளவுங்கள். நிறுத்தியதும் அளவுங்கள். அடுத்த நாள் காலை மீண்டும் அளவுங்கள். முதல்நாள் காலை இருந்த மட்டத்துக்கு நீர் திரும்பியிருந்தால், கிணறு கொடுக்கக்கூடியதையே நாம் எடுத்திருக்கிறோம். நாளுக்கு நாள் திரும்பாமல் தாழ்ந்தால், நாம் கிணற்றின் முதலைச் சாப்பிடுகிறோம். அப்போது நேரத்தைக் குறைத்து, இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் இறைக்க வேண்டும். நடுவெயிலில் இறைக்கும் நீரில் ஒரு பங்கு ஆவியாகவே போகும்.

வாய்க்கு உவர் தெரியும் முன்னரே பயிருக்குத் தெரிந்துவிடும். வெங்காயமும் போஞ்சியும் கரட்டும் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். பீற்றூட் கூடுதலாகத் தாங்கும். இலை விளிம்பு கருகுவதும், வாய்க்கால் ஓரத்தில் வெள்ளை பூப்பதும் அறிகுறிகள். நீரின் மின்கடத்தலை மானியால் அளக்கலாம். 700 மைக்ரோசீமன்ஸ் வரை பயிருக்குத் தடையில்லை; 3,000க்கு மேல் கடுந்தடை என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டல். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

9. மாரியும் வெள்ளமும்

2008 நவம்பரில் நிஷா புயலும், 2024 நவம்பர் வெள்ளமும், 2025 நவம்பரில் தித்வா புயலும் எமக்கு நினைவூட்டியது ஒன்று உண்டு. வெள்ளம் வருமுன் இயந்திரத்தைக் கழற்றி உயரத்தில் வைப்பது அரை மணித்தியால வேலை. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டரை ஒருபோதும் அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம். திறந்து, கழுவி, முற்றாக உலர்த்தி, திருத்துநர் சோதித்த பின்னரே மின் கொடுக்க வேண்டும்.

வெள்ள நீர் புகுந்த கிணற்றை அவசரப்பட்டு முற்றாக இறைக்காதீர்கள். சூழவுள்ள மண் ஊறியிருக்கும்போது உள்ளே நீரின் தாங்கல் போய்விட்டால் கட்டு இடிந்து விழும். மேலும் ஒரு காரணம் உண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கிலங்கைக் கரையோரத்தில், உப்பை நீக்கும் நல்ல எண்ணத்தோடு கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அதனால் பல இடங்களில் கீழிருந்த உப்புநீர் மேலும் ஏறி நிலைமை மோசமாயிற்று. அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம் என்று பின்னர் அறிவுறுத்த வேண்டியதாயிற்று. மழைநீர் இயல்பாக இறங்கி உப்பைக் கழுவ விடுவதே நல்லது. குடிநீருக்குக் குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

10. உயிரும் எண்ணெயும்

நீர் தாழ்ந்த கிணற்றில் மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தை உள்ளே இறக்கி ஓட்டுவது கொலைக்குச் சமம். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. இறங்கியவர் மயங்குவார், காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் காற்று இல்லாததைக் காட்டலாம். இந்த நஞ்சைக் காட்டாது. யாராவது உள்ளே மயங்கினால் பின்னால் குதிக்காதீர்கள். இடுப்பில் கயிறு கட்டாத எவரும் எந்தக் கிணற்றிலும் இறங்கக் கூடாது.

மீள்குடியேறும் காணிகளில், நிரவப்பட்ட கிணற்றை நீங்களாகவே தோண்ட வேண்டாம். உள்ளே வெடிபொருள் இருக்கலாம். கிராம அலுவலருக்கு அறிவித்து, கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்த பின்னரே தொடுக.

சுண்ணக்கல் வடிகட்டாது, வெடிப்பினூடே எதையும் உள்ளே விடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. பெரியோர் செய்ததைக் கண்டித்த நாம் சிறிய அளவில் அதையே செய்யலாகாது. இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி, தகரத் தட்டின் மேல் வையுங்கள். மாற்றிய எண்ணெயை மண்ணில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்துத் திருத்தகத்தில் கொடுங்கள். உரமும் மருந்தும் கிணற்றடியில் கரைக்க வேண்டாம். தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவவும் வேண்டாம்.

11. பலருக்கு ஒரு இயந்திரம்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்படுவது வழமை. யாருக்கு எந்த நாள் முறை என்பது ஊரறிந்த ஒழுங்கு. இடம்பெயர்ந்தபோது காணியோடு இந்த ஒழுங்கையும் நாம் இழந்தோம். புதிய இடத்தில் அதை நாமே மீண்டும் அமைக்க வேண்டும். அதற்கு நாலு காரியம் போதும்.

1. *ஒரு கொப்பி.* திகதி, ஓட்டியவர், தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், முன்னும் பின்னும் நீர்மட்டம், எண்ணெய், திருத்தம். எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் தொங்க வேண்டும்.
2. *ஒரு பொறுப்பாளர்.* போகத்துக்கு ஒருவர். பெண்களும் இளையோரும் இம்முறையில் வர வேண்டும். நீர் இல்லாத நாளில் குடம் சுமப்பவர் பெண்களே. அவர்களுக்கு இயந்திரத்தின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டியது நீதி.
3. *ஒரு சிறு நிதி.* ஓட்டும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வைத்து உண்டியலில் இடுங்கள். வொஷரும் சீலும் எண்ணெயும் அதிலிருந்து வாங்கலாம். பழுதான அன்று பணம் சேர்க்கத் தொடங்கினால் சண்டைதான் சேரும்.
4. *ஒரு பேச்சு.* கிணற்றுக்காரரோடு எத்தனை மணித்தியாலம், எந்த மட்டம் வரை என்று முன்னரே பேசி எழுதுங்கள். அவரிடம் கொப்பியைக் காட்டுங்கள். அளந்து எடுப்பவரை யாரும் சந்தேகிப்பதில்லை.

12. இறைவார்த்தையின் ஒளியில்

தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் கதை வருகிறது. பஞ்சத்தால் பெயர்ந்து கெராரில் வாழ்ந்த அவர், பிறர் மண்ணிட்டு மூடிவிட்ட தம் தந்தையின் கிணறுகளை மீண்டும் தோண்டினார். புதிதாகத் தோண்டிய ஒன்றுக்காகச் சச்சரவு எழுந்தது, இன்னொன்றுக்காகவும் எழுந்தது. அவர் விலகிச் சென்று மூன்றாவதைத் தோண்டினார். அதற்குச் சண்டை எழவில்லை. இடம் கிடைத்தது என்ற பொருளில் இரகபோத்து என்று அதற்குப் பெயரிட்டார்.

ஈசாக்கு தம் உரிமையை மறந்துவிடவில்லை. தந்தையின் கிணறுகளுக்குத் தந்தை இட்ட பெயர்களையே மீண்டும் இட்டார். அதேவேளை, தங்கிய இடமெங்கும் கிணற்று வேலையை நிறுத்தவும் இல்லை. சொந்தக் காணிக்காகக் கேட்டுக்கொண்டேயிருப்பதும், இன்று நீர் தரும் கிணற்றைக் கண்போல் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நாம் திரும்பும் நாளில், விட்டுச்செல்லும் கிணறு நாம் வந்தபோது இருந்தது போலவே இனிப்பாய் இருக்கட்டும்.

குழுவாக ஆராய்வோம்

1. எமது இயந்திரத்தின் புட்வால்வை இறுதியாக எப்போது கழற்றிப் பார்த்தோம்?
2. எமது கிணறு ஒரு மணித்தியால இறைப்பில் எத்தனை முடிச்சுத் தாழ்கிறது? எத்தனை மணித்தியாலத்தில் திரும்புகிறது?
3. இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் தெரிந்தவர் வீட்டில் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்?
4. எமது வயரும் எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் ஒழுங்காக உள்ளனவா?

இம்மாதம் செய்ய வேண்டியவை: முடிச்சுக் கயிறு ஒன்று கட்டுதல்; கொப்பி ஒன்று தொடங்குதல்; 15 நிமிட வால்வுச் சோதனை செய்தல்; இயந்திரத்தின் கீழ் தகரத் தட்டு வைத்தல். இந்நான்கையும் செய்து முடித்தபின் அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொப்பியோடு வாருங்கள்.